மடை திறந்தவர்

எழுத்துப்பிழை என்றால் எனக்குப் பொறுக்காது, மேடம். தேனி பங்களாமேட்டில் என் கடைக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை இருக்கிறது. அதன் பலகையில் பல வருடங்களாகத் ‘திராட்ச்சை’ என்றே எழுதியிருந்தது. கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். குடிக்கிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லையே என்று சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடையைப் பூட்டியிருந்தபோது நானே ஸ்டூல் போட்டு ஏறி, கூடுதலாக இருந்த எழுத்தைப் பெயின்ட் வைத்து அழித்துவிட்டு வந்தேன். அவர் இன்றுவரை கவனிக்கவில்லை.

டிடிபி சென்டர் நடத்துகிறவனுக்கு இது தொழில் புத்தி. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து பிளெக்ஸ் எல்லாம் நான் பார்த்துவிட்டால் பிறகு யாரும் பார்க்கவேண்டியதில்லை. தேனியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அம்மா இறந்தபிறகு எனக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. கடையில் வேலை ஓய்ந்ததும் இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுவேன். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் அச்சில் வந்த ஆதாரம் காட்டவேண்டும். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. மனிதர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். அங்கே அது செல்லாது.

நான் எழுதியதில் பெரிய கட்டுரை ராஜமணி ஐயாவைப் பற்றியது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, ஐ.ஏ.எஸ். தேறி, துறைச் செயலாளராக ஓய்வு பெற்றவர். அவர் இளம் வயதில் சார் ஆட்சியராக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் ஆலங்கண்மாய் உடைந்தது. மடைக்காரன் அம்மாவாசி குடித்துவிட்டுக் காவலை விட்டுப் போய்விட்டான். கீழ்த்தெருவில் ஆட்கள் செத்துப்போனார்கள். ஐயா கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தன் கையால் மடையைத் திறந்ததால் மிச்ச ஊர் பிழைத்தது. பத்திரிகைகள் அவருக்கு ‘மடை திறந்தவர்’ என்று பேர் வைத்தன. அம்மாவாசியை வேலையை விட்டு நீக்கினார்கள். ஊர்க்காரர்கள் அவன் முகத்தில் துப்பினார்கள். அந்த மாதமே பூச்சிமருந்து குடித்துச் செத்தான். எல்லாவற்றுக்கும் என்னிடம் செய்தித்தாள் ஆதாரம் இருந்தது.

அந்தக் கட்டுரையைச் சிறப்புக் கட்டுரையாகத் தேர்ந்தெடுத்து முதல் பக்கத்தில் போட்டார்கள். பேச்சுப்போட்டிகளில் என் வாக்கியங்களை அப்படியே ஒப்பித்தார்கள். ஐயாவுக்கு ஏதோ விருது கொடுத்தபோது வாசித்த பாராட்டுரையும் என்னுடையதுதான், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம் தொடங்கியது. யாராவது அதில் கைவைத்தால் என் போனில் ஒரு மணி அடிக்கும். அந்த மணிச் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் விளையாட்டுப் பையன்கள் பிறந்த வருடத்தை மாற்றியிருப்பார்கள். சரிசெய்துவிட்டு உட்காருவேன்.

ஐயாவின் மகள் ஷெரின் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் எழுதியிருப்பது சரிதான், அவர்தான் என்னைத் தேடி வந்தார். கம்பத்தில் வங்கி வேலை, கணவர் வெளிநாட்டில். மனைவி இறந்தபிறகு ஐயாவைச் சென்னையிலிருந்து கூட்டிவந்து, என் கடைக்குப் பின்தெருவில் வீடு எடுத்திருந்தார். கட்டுரைக்கு நல்ல புகைப்படம் ஒன்று தருகிறேன் என்று வந்தவர், ஐயாவுக்கு ஞாபகமறதி நோய் வந்திருப்பதையும் சொன்னார். கட்டுரையில் தன் பெயரோ அம்மா பெயரோ இல்லையே என்று கேட்டார். அச்சில் ஆதாரம் இல்லை என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நல்ல பெண்.

ஷெரின் காலையில் பஸ் ஏறினால் திரும்பச் சாயங்காலமாகும். சமையலுக்கும் துடைப்பதற்கும் கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பெண் முனீஸ்வரி வந்து போவாள். மதியம் அவள் போனபிறகு ஐயா தனியாக இருக்கவேண்டியிருந்தது. அவர் எங்காவது நடந்து போய்விடுவார் என்பதால் அறையை வெளியே பூட்டுவது வழக்கம். அந்த நேரத்துக்கு நான் வந்து உட்கார்ந்து, மாத்திரை கொடுத்து, பேச்சுத்துணையாக இருக்கிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஷெரின் சாவியைக் கொடுத்தபோது கண் கலங்கினார்.

நான் கட்டுரையை வாசித்துக் காட்டுவேன். ஐயா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என் மடியில் லேப்டாப், எதிரே அந்த மனிதர். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மதுரையில் ஒரு புது டாக்டர் மாத்திரையை மாற்றினார். அதில் ஐயாவுக்குத் தெளிவு வந்தது. முனீஸ்வரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பேப்பர் படித்தார். ஷெரின் சர்ச்சில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொன்னார். அப்படி ஒரு மதியம், நான் கண்மாய் பத்தியை வாசிக்கும்போது ஐயா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அது தப்பு தம்பி. அம்மாவாசி எங்கனயும் போகல. விடியக்காலைல இருந்து மடை மேலயே நின்னான். தொறக்கவா, தொறக்கவான்னு ஆள் மேல ஆள் அனுப்பிக்கிட்டே இருந்தான். நான்தான் வேணாம்னேன்.”

மடைக்குக் கீழே அவருடைய பெரியப்பா மகனின் வாழைத்தோப்பு இருந்ததாம். தார் வெட்டுகிற பக்குவம். திறந்தால் தோப்பு மூழ்கும். ஒரு நாள் பொறுத்தால் வெட்டி லாரியில் ஏற்றிவிடலாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டாராம். கண்மாய் பொறுக்கவில்லை. கரை உடைந்தபிறகு ஐயா ஜீப்பில் வந்து, போட்டோ எடுக்கிறவர் நின்ற இடமாகப் பார்த்துத் தண்ணீரில் இறங்கினார். குடித்திருந்தான் என்று எழுதச் சொன்னதும் அவரே. அம்மாவாசி டீ தவிர எதுவும் குடிக்காதவனாம்.

“அதுக்கு ஆதாரம் இல்லீங்கய்யா” என்றேன்.

“நான்தான் தம்பி ஆதாரம். நான் சொல்றேன்ல.”

ஒருவர் தன்னைப் பற்றித் தானே வாயால் சொல்வது கலைக்களஞ்சியத்தில் செல்லாது. இதைப் பொறுமையாக அவருக்கு விளக்கினேன். அவரும் அதிகாரியாக இருந்தவர், புரிந்துகொண்டார். சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் பத்திரிகைக்காரனை வரச்சொல், சொல்லிவிடுகிறேன், அச்சில் வரட்டும் என்றார். அம்மாவாசி பெண்டாட்டி மொக்கம்மாள் உயிரோடு இருக்கிறாளா என்று விசாரிக்கச் சொன்னார். அவள் முன்னால் சொல்லவேண்டும் என்றார்.

கடைக்குத் திரும்பி நடக்கும்போது ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே போனேன். அந்தப் பத்தி போனால் தலைப்பு போகும். தலைப்பு போனால் கட்டுரை போகும். இத்தனை வருடம் இந்தப் பொய்யைக் காவல் காத்தவன் யார் என்று கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் என் பெயர் இருக்கும். கல்லாவில் உட்கார்ந்து, பத்திரிகை அடிக்க வந்த ஒரு பெண் தன் மகள் பெயரைச் சொல்லச் சொல்ல, எனக்கு அது காதில் விழவேயில்லை.

அவர் சொன்னதை நம்பினாயா என்று கேட்பீர்கள். முதல் வார்த்தையிலேயே நம்பினேன். பொய் சொல்கிறவர் வாழைத்தாரைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் நம்புவதும் நம்பாததும் என் வேலை இல்லை, மேடம். அச்சில் இருப்பதைக் காப்பதுதான் என் வேலை.

மறுநாளிலிருந்து மதுரை மாத்திரையை நிறுத்தினேன். அதே மாதிரி வெள்ளையாகச் சத்து மாத்திரை ஒன்று மெடிக்கலில் கிடைக்கிறது. அதைக் கொடுத்தேன். உடம்புக்கு நல்லதுதான். கொஞ்ச நாளில் ஐயாவின் பேச்சு மறுபடி கலங்க ஆரம்பித்தது. ஆனால் மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. சாப்பிடும்போது, சட்டை மாட்டும்போது, திடீரென்று “அம்மாவாசி அங்கனதான் நின்னான்” என்பார்.

தண்ணீர் விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. அவர் அறையை ஒட்டிய குளியலறையில் ஒருநாள் பக்கெட் நிறையட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். ஐயா காதைப் பொத்திக்கொண்டு, இரண்டு கால்களையும் கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிருந்தது. நிறுத்து, நிறுத்து என்று கெஞ்சினார். கீழ்த்தெருவில் அன்று என்ன பார்த்தாரோ.

நான் குழாயை மூடவில்லை. “அம்மாவாசி எங்கய்யா போனான்?” என்று கேட்டேன். அங்கேதான் நின்றான் என்றார். காத்திருந்தேன். மறுபடி கேட்டேன். கடைசியில், கட்டுரையில் இருக்கிறபடி, காவலை விட்டுப் போய்விட்டான் என்றார். உடனே மூடிவிட்டேன். துண்டால் அவர் நெற்றியைத் துடைத்து, பிஸ்கட் கொடுத்தேன்.

அதன்பிறகு தினமும் கொஞ்ச நேரம். நான் அவர்மேல் ஒருநாளும் கைவைத்ததில்லை, குரலை உயர்த்தியதுமில்லை. சரியாகச் சொன்னால் தண்ணீர் நிற்கும், தப்பினால் ஓடும், அவ்வளவுதான். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பதால் பக்கெட்டில் பிடித்து வாசல் செடிகளுக்கு ஊற்றினேன். செம்பருத்தி நன்றாகப் பூத்திருக்கிறது என்று ஷெரின் எனக்கு நன்றி சொன்னார்.

ஐயா கட்டுரையை முதல் வரியிலிருந்து சொல்லப் பழகினார். பிறப்பு, படிப்பு, பதவிகள், கண்மாய், விருதுகள். பயம் அதிகமானால் நடுவில் “ஷெரின், ஷெரின்” என்று கூப்பிடுவார். அந்தப் பெயர் கட்டுரையில் கிடையாது. அதற்கும் குழாயை மூடாமல் இருந்தேன். அது வேண்டுமென்று செய்ததல்ல. ஒழுங்கென்றால் எல்லா இடத்திலும் ஒழுங்கு.

ஷெரினுக்கு வருத்தம்தான். அரிசி களைகிற சத்தத்துக்கே அப்பா நடுங்குகிறார் என்றார். மகள் யாரென்று கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார் என்றார். நோய் முற்றுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் கடைக்கு வந்து நின்றார். “வினோத்ராஜ் அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா நான் வேலைய விட்டுட்டுத்தான் உக்காந்திருக்கணும்” என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

முனீஸ்வரி எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருந்தாள். தெளிவாக இருந்த நாட்களில் ஐயா அவளிடமும் மொக்கம்மாளைத் தேடச் சொல்லியிருக்கிறார். அவள் ஊர்ப்பக்கம் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள். புருஷன் செத்தபிறகு ஊர் அந்தப் பெண்ணை இருக்கவிடவில்லை. கைப்பிள்ளையோடு குச்சனூருக்குப் போய், சனீஸ்வரர் கோயில் பாதையில் எள் பொட்டலமும் தீபமும் விற்றுப் பிழைத்திருக்கிறாள். பிள்ளை தங்கப்பாண்டி இப்போது கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். ஐயா உண்மையைச் சொல்லப்போகிறார் என்று முனீஸ்வரி அவர்களிடம் சொல்லிவிட்டாள். தங்கப்பாண்டி ஒரு நிருபரிடமும் பேசிவைத்துவிட்டான். எல்லாம் ஏற்பாடானபிறகே எனக்குத் தெரிந்தது.

நான் ஓடி ஒளியவில்லை. யோசித்துப் பார்த்தேன். நிருபர் எழுதினால் அது அச்சில் வரும், ஆதாரமாகும். எழுதப்போவது எது என்பதுதான் கேள்வி. நானே ஐயாவைக் கூட்டிப்போகிறேன் என்று ஷெரினிடம் சொன்னேன். பழைய ஆட்களைப் பார்த்தால் ஞாபகம் வரலாம் என்று அவரும் சம்மதித்தார். அதற்கு முந்தைய வாரம் முழுதும் மதியங்களில் நாங்கள் கண்மாய் பத்தியை மட்டும் படித்தோம்.

புதன்கிழமை என்பதால் குச்சனூரில் கூட்டமில்லை. வாடகைக் காரில் போய், ஆற்றுப் பாலத்துப் பக்கம் வேப்பமர நிழலில் நாற்காலி வாங்கிப் போட்டு ஐயாவை உட்காரவைத்தேன். மொக்கம்மாள் வந்தாள். எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய கை, நரைத்த தலை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், விருந்தாளியை அழைக்கிறவளைப் போல. தங்கப்பாண்டி போனைத் தூக்கிப்பிடித்து வீடியோ எடுத்தான். நிருபர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

நான் ஐயாவின் தோளுக்குப் பின்னால் நின்றேன். அந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் நிருபர்.

ஐயா சொன்னார். “மடைக்காரர் அம்மாவாசி மது அருந்திவிட்டுக் காவலை விட்டு அகன்றதே விபத்துக்குக் காரணமாயிற்று.” என் வாக்கியம். ஓர் எழுத்து பிசகவில்லை.

தங்கப்பாண்டியின் கை கீழே இறங்கிவிட்டது. மொக்கம்மாள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஐயாவின் முட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை.

“அய்யா, அவரு செத்தப்பவும் நீங்க சொல்லி அனுப்புனீகன்னு இதையேதான் சொன்னாக. இப்ப என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. எம் புருசன் அங்கன இல்லையா?”

ஐயா அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “விடியக்காலைல இருந்து...” என்று தொடங்கினார்.

என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து, அவர் காதுக்குப் பின்னால், மெதுவாகத் தரையில் ஊற்றினேன். வெயிலுக்கு வாய் கொப்பளிக்க ஊற்றுகிறவனைப் போலத்தான் இருந்திருக்கும். யாரும் கவனிக்கவில்லை. ஐயா இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டார். பிறகு அதே வாக்கியத்தைச் சொன்னார். மறுபடியும் சொன்னார். நிறுத்தவே முடியவில்லை, நான்தான் போதும் ஐயா என்று சொல்லவேண்டியிருந்தது.

மொக்கம்மாள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “கூட்டிட்டுப் போங்க தம்பி. அவருக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது” என்றாள். பழத்தை எடுத்து ஐயாவின் மடியில் வைத்துவிட்டுக் கடைப்பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செய்தி ஒரு பத்தியாக வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி அந்த நாளை நினைவுகூர்ந்து, நடந்ததை உறுதிசெய்தார் என்று போட்டிருந்தார்கள். அதைக் கட்டுரையில் ஆதாரமாகச் சேர்த்தேன். அந்த ஒரு வாரம் நான் பயமில்லாமல் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை முனீஸ்வரி சீக்கிரம் கிளம்பினாள். அக்கா மகளுக்குச் சடங்கு என்று கெங்குவார்பட்டிக்குப் போகிறவள், கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். “அண்ணே, அய்யா இன்னைக்குக் காலைல அந்தம்மா பேரச் சொல்லி அழுதாக. ‘என்னைய மறுபடி கூட்டிட்டுப் போ, நான் சரியாச் சொல்லல’ன்னாக. ஷெரின் அக்காட்ட இன்னைக்குச் சொல்லிரணும்” என்றாள்.

அந்தப் பயம் திரும்ப வந்துவிட்டது. அத்தனை நாள் உழைப்புக்குப் பிறகும் அம்மாவாசி விஷயம் அவருக்குள்ளே அப்படியே இருந்தது. மாத்திரையும் இல்லை, ஞாபகமும் இல்லை, மகளையே தெரியவில்லை; ஆனாலும் அது மட்டும் போகவில்லை. அவர் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்திருப்பார், ஒவ்வொரு நாளும் நான் பயந்துகொண்டிருக்கவேண்டும் என்று புரிந்தது.

நான் முதலில் எழுதிக்கொடுத்ததில் குழாயை மூட மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அது பிழை. தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் கடைக்குப் போகவில்லை. குளியலறையில் தண்ணீர் போகிற துவாரத்தில் துண்டைச் சுருட்டி அடைத்தேன். குழாய் இரண்டையும் முழுதாகத் திறந்தேன். ஐயா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து அறைக்கதவைப் பூட்டி, கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் கட்டுரையை முதலிலிருந்து சொன்னார். பிறப்பு, படிப்பு, பதவிகள், கண்மாய், விருதுகள். சொல்லி முடித்துவிட்டு, தண்ணீர் நிற்கிறதா என்று காத்திருந்திருப்பார்போல. பிறகு மறுபடியும் தொடங்கினார். ஒரு பிழையும் இல்லை. கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து கூடத்துக்கு வந்தது. என் காலில் பட்டது. நான் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்துப் பாடம் நின்றது. பிறகு அவர் பேசியது வேறு குரல், அலுவலகத்தில் உத்தரவு போடுகிற குரல். “அம்மாவாசி, தொறந்து விட்டிருப்பா. தோப்பு போனாப் போகுது. நான் சொல்றேன், தொறந்து விடு.” இதையே கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைய, திரும்பத் திரும்பச் சொன்னார். கதவைத் தட்டவும் செய்தார். பின்பு தட்டவில்லை. பயத்தில் நெஞ்சு நின்றுபோனதாகப் போஸ்ட்மார்ட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும், மேடம். அவர் திறக்கச் சொன்னது அம்மாவாசியிடம். என்னை அவர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.